அசையாமல் பேசவும்

ஒளிக்கீற்று இணையச் சேவைக் கழகத்தின் பதிவேட்டின்படி, பாக்கியமேரியின் வீட்டு இணைப்பில் எந்தக் குறையும் கிடையாது. பதினோரு மாதங்களில் அவள் முப்பத்திநான்கு புகார்கள் கொடுத்திருந்தாள். முப்பத்திநான்கும் தீர்த்துவைக்கப்பட்டிருந்தன. திண்டிவனம் வட்டாரத்தில் இத்தனை முறை தீர்த்துவைக்கப்பட்ட இணைப்பு வேறொன்று இல்லை என்று கழகத்தில் பெருமையாகவே பேசிக்கொண்டார்கள்.

அந்த இணைப்பு எதற்காக வாங்கப்பட்டது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பாக்கியமேரியின் ஒரே மகன் சகாய பிரவீனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. வயது இருபத்தாறு. குவைத்தில் ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவில் படுக்கைவிரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறான். அவனிடம் போனில் பேச முடியாது. முகம் பார்த்துத்தான் பேச முடியும். தாயும் மகனும் பேசிக்கொள்வது அவர்களே உண்டாக்கிக்கொண்ட கைப்பேச்சு. வீட்டுக்குள் செல்போனுக்கு ஒரு கோடுதான் சிக்னல். குரல் வரும், படம் வராது. அதனால்தான் ஓமந்தூர் ரோட்டிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் உள்ளே தள்ளியிருந்த அந்த வீட்டுக்கு ஒளிக்கீற்று வந்தது. ஊரில் அதற்கு 'கீத்து நெட்டு' என்று பெயர்.

கீத்து நெட்டு வந்த பிறகு கைப்பேச்சில் ஒரு புதுச் சொல் சேர்ந்தது. ஐந்து விரலையும் விரித்து முகத்துக்கு நேரே நிறுத்தினால் 'படம் நின்னு போச்சு'. அதோடு இரண்டு விரலைக் கத்திரிக்கோல் போல வெட்டினால் 'கட் பண்ணித் திரும்பப் போடு'. பதினோரு மாதங்களில் தாயும் மகனும் மிக அதிகமாகப் பேசிக்கொண்டது இந்த இரண்டைத்தான். படம் நிற்காத நேரத்தில் தாமதமாக வரும். இவள் கேட்டதற்கு அவன் தலையாட்டுவது ஏழெட்டு விநாடி கழித்து வந்து சேரும். 'சாப்டியா?' என்பதற்கான தலையாட்டல், 'உடம்பு சரியில்லையா?' என்ற கேள்விக்குப் பதிலாக வந்து நிற்கும்.

இதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டுதான் இருந்தாள், ஆகஸ்ட் மாதம் வரை.

அவள் கணவர் அமிர்தசாமி வானூர்ப் பக்கம் ஜல்லி கிரஷரில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்தவர். கல்தூசி நெஞ்சுக்குள் குடியேறிவிட்டது. இப்போது கட்டிலும், மூக்கில் குழாயும், பக்கத்தில் உறுமும் ஆக்ஸிஜன் மிஷினுமாக இருந்தார். பிரவீனுக்கு டிசம்பரில்தான் லீவு. "டிசம்பர் வரைக்கும் தாங்குமா டாக்டர்?" என்று பாக்கியமேரி கேட்டபோது டாக்டர் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அமிர்தசாமி சொன்னார், மூச்சுக்கு ஒரு வார்த்தையாக: "மேரி, அவன்கிட்ட ஒண்ணு சொல்லணும். நீ சொல்லாத. நானே கையால சொல்றேன். கத்துக்குடு."

அவர் கைப்பேச்சைக் கற்றுக்கொள்ளாதவர். மகனிடம் அவருக்கு எல்லாமே மனைவி வழியாகத்தான்.

"என்னான்னு சொல்லுங்க, கத்துத் தர்றேன்."

அவர் சொன்னார். பிரவீனை ஆறு வயதில் காது கேளாதோர் பள்ளி ஹாஸ்டலில் கொண்டுபோய் விட்டது அவர்தான். விட்டவர் கேட்டைத் தாண்டி நடந்தார், திரும்பிப் பார்க்காமலே பஸ் ஏறினார். பையன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். இருபது வருடமாக அவன் அதைப் பற்றிக் கேட்டதும் இல்லை, அவர் முகத்தை நேராகப் பார்த்ததும் இல்லை.

"உன்ன வுட்டுட்டு நடந்தேன், திரும்பிப் பாக்கல. பாத்திருந்தா உன்னத் தூக்கிக்கினு வூட்டுக்கு வந்திருப்பேன். இதான். இத நான் சொல்லணும்."

ஒன்பது கைச் சொற்கள். பத்து நாள் பயிற்சி. மாதா திருநாளன்று, ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி காலையில், சவரம் செய்துகொண்டு வெள்ளைச் சட்டை போட்டுக் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். நீ. சின்னப் பையன். ஹாஸ்டல். விட்டேன். நடந்தேன். பின்மண்டையைத் தொட்டுக் கையை உதறினார்: திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த இடத்தில் பிரவீனின் முகம் சதுரம் சதுரமாக உடைந்தது. அமிர்தசாமி அதைக் கவனிக்கவில்லை. கண்ணைத் தொட்டார், குழந்தையைத் தூக்கி மார்போடு அணைப்பதுபோல் இரண்டு கையையும் மடக்கினார், விரல்நுனிகளைச் சேர்த்துக் கூரை காட்டினார். பரீட்சையை முடித்த பையன்போல் நிமிர்ந்தார்.

படம் திரும்பி வந்தபோது பிரவீன் இரண்டு விரலால் நெற்றியைத் தொட்டான். 'தெரியும்.'

பிறகு தாயைப் பார்த்துக் கையை அசைத்தான். 'விட்டுட்டு வந்தாரு. திரும்பிப் பார்க்கல. தெரியுமே. நான்தான் பார்த்துக்கினு நின்னேனே.'

இணைப்பு அறுந்தது.

மறுநாள் மீதியைத் தானே சொல்லிவிடப் பாக்கியமேரி கையைத் தூக்கினாள். அமிர்தசாமி அதைப் பிடித்துக் கீழே இறக்கினார். "அது என்னுது." பக்கத்து வீட்டுக் கலைப்பிரியா, "எழுதி அனுப்பிடலாமே பெரிப்பா, அண்ணன் படிக்குமே" என்றாள். "வீடியோவா புடிச்சாவது அனுப்பலாம்" என்றாள். பிடித்து அனுப்பியும் பார்த்தார்கள். மூன்று நாள் வட்டம் சுற்றியது, போகவில்லை. போகாததே நல்லது என்றார் அமிர்தசாமி. "கடுதாசி போடுற சமாச்சாரமா இது? அவன் மூஞ்சியப் பாத்துக்கினு சொல்லணும்."

ஆக, வேண்டியது ஒன்றே ஒன்று. ஒன்பது சொல் போய்ச்சேரும் வரை, அதாவது ஒரு நிமிடம், அந்த இணைப்பு அறாமல் நிற்க வேண்டும். பாக்கியமேரி முப்பத்தைந்தாவது புகாரைக் கொடுத்தாள்.

*

லைன்மேன் சவுரிராயன் ஏணியை மொபெட்டில் கட்டிக்கொண்டு வந்தார். நல்ல மனிதர். வந்ததும் சொன்னார்: "யக்கா, மொதல்ல எல்லாத்தையும் ஆஃப் பண்ணுங்க. போனு, டிவி, எதுவும் நெட்டத் தொடக்கூடாது."

ஆஃப் செய்தாள். அவர் தன் போனில் வேகத்தை அளந்தார். முள் வலது கோடிக்கு ஓடியது. "பாருங்க, குதிர மாதிரி ஓடுது."

"அப்ப பையனுக்குப் போடட்டுமா?"

"ஐயய்யோ, போட்டா கெட்டுப்பூடும்க்கா. நான் புகார மூடிட்டுப் போனதுக்கு அப்புறம் போடுங்க."

"யூஸ் பண்ணாதப்ப நல்லா இருந்து என்னா தம்பி பிரயோஜனம்?"

சவுரிராயன் வாசல் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "உண்மையச் சொல்லட்டா? ரோடு போட்டப்ப சின்னப் பாலத்துகிட்ட ஜேசிபிகாரன் கேபிள நசுக்கிட்டான். உள்ள கண்ணாடி எழை அரைகுறையா தொங்கிக்கினு இருக்குது. நான்தான் பாலிதீன் பை சுத்திக் கட்டி வெச்சிருக்கேன். காத்தடிச்சா ஆடுது, மழ பேஞ்சா தண்ணி எறங்குது."

"அத ஒட்டக்கூடாதா?"

"ஒட்டலாம், அரைமணி வேல. ஒட்ற மிஷினு ஜில்லாவுக்கே ஒண்ணுதான். விழுப்புரம் ஆபீஸ்ல கண்ணாடிப் பொட்டில வெச்சிருக்காங்க. வெளிய எடுத்தா ரிப்பேரு ஆயிடும்னு எடுக்கறது இல்ல. ஆயுதபூஜ அன்னிக்கு மட்டும் எடுத்துப் பொட்டு வெப்பாங்க."

"இத அப்படியே எழுதிக் குடு தம்பி."

"எழுதலாம்க்கா. ஆனா எழுதறதுக்குக் கட்டம் இல்ல." போனைக் காட்டினார். மூன்றே கட்டங்கள் இருந்தன. 'வாடிக்கையாளரின் கருவியில் கோளாறு.' 'வாடிக்கையாளரின் தவறு.' 'கோளாறு இல்லை.' அவர் மூன்றாவதைத் தொட்டார். "மத்த ரெண்டும் உங்க மேல பழி. மனசு வரல."

புகார் மூடப்பட்டதும் கழகத்திலிருந்து ஒரு தானியங்கிக் குரல் வாடிக்கையாளரை அழைக்கும். திருப்தி என்றால் ஒன்று, இல்லையென்றால் இரண்டு. மணி ஐந்து முறை ஒலிப்பதற்குள் எடுக்காவிட்டால், வாடிக்கையாளருக்குச் சொல்லக் குறை எதுவும் இல்லை, ஆகவே முழு திருப்தி என்று பதிவாகும். அந்த அழைப்புக்கு ஒரு விசேஷம் உண்டு. எப்போதும் அவள் மகனைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரமாகப் பார்த்து வரும். வந்து மகனின் முகத்தை மறைத்துக்கொண்டு நிற்கும். அதை எடுக்கப்போனால் மகன் அறுந்துபோவான். ஒருமுறை அப்படி எடுத்து இரண்டை அழுத்தினாள். 'உங்கள் அதிருப்திக்கு நன்றி' என்றது குரல். அதோடு சரி.

*

முப்பத்தாறாவது புகாரை நேரிலேயே கொடுப்பது என்று திண்டிவனம் கிளை அலுவலகத்துக்குப் போனாள். அங்கே அலுவலர் தாண்டவராயன். அவர் மேசைக் கம்ப்யூட்டர் வேறொரு கம்பெனியின் செல்போனிலிருந்து இணையம் வாங்கிக்கொண்டிருந்தது. "நம்மளுத நாமளே யூஸ் பண்ணிட்டா கஸ்டமருக்கு கொறஞ்சிடும் பாருங்க" என்றார், அவள் கேட்காமலே.

முழுதும் கேட்டுக்கொண்டார். பிறகு பேசினார்.

"அம்மா, நெட்வொர்க்குங்கறது நல்ல தார்ரோடு மாதிரி. எவனும் போகாத வரைக்கும் பள்ளமே விழாது. எங்க லைனு நூத்துக்குத் தொண்ணூத்தொம்பது சதவீதம் சுத்தமான லைனு. மீதி ஒரு சதவீதம், கஸ்டமருங்க தொடற நேரம். அதையும் கொறைக்கத்தான் நாங்க ராப்பகலா பாடுபடறோம். சரி, பையன் வீடியோவுல என்னா பண்றாரு?"

"பேசறான் சார்."

"வாய் பேச வராதுன்னு சொன்னீங்களே?"

"கையால பேசுவான் சார். நாங்களும் கையாலதான்."

தாண்டவராயன் நாற்காலியிலிருந்து எழுந்தார். அவர் முகத்தில் பதினோரு மாதப் புதிர் விடுபட்ட வெளிச்சம். "அதான பாத்தேன்! கைய ஆட்டறீங்க! அசையற படம்தாம்மா டேட்டாவத் திங்கும். அசையாத படத்துக்கு ஒண்ணுமே வேணாம். நீங்க ஆட்டற ஒவ்வொரு வெரலும் பந்தியில பத்து பேரு சாப்பாட்ட சாப்புடுது. கைய மடியில வெச்சிக்கினு பேசச் சொல்லுங்க."

"கைதான் சார் அவனுக்கு வாயி."

"வாயக் கொஞ்சம் கொறச்சிக்கறது. நாங்கள்லாம் மேலதிகாரிகிட்ட கொறச்சிக்கலயா?"

புகார்த் தாளில் எழுதினார்: 'காரணம்: வாடிக்கையாளர் தரப்பில் அளவுக்கு மீறிய அசைவு.' அடியில் கோடு போட்டார்.

*

அமிர்தசாமிக்கு ஆக்ஸிஜன் அளவை இரண்டு முறை கூட்டவேண்டி வந்தது. பேச்சு நின்றுவிட்டது; அதற்கு மூச்சு போதவில்லை. வேடிக்கை என்னவென்றால், தண்ணீர், வலி, ஜன்னல் என்று எல்லாவற்றுக்கும் இப்போது அவரும் கையைத்தான் நம்பியிருந்தார். வெறும் நேரத்தில் விரல்கள் போர்வைமேல் அந்த ஒன்பது சொல்லைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கும்.

அவரைக் கலைப்பிரியாவிடம் விட்டுவிட்டு, குறைதீர் நாளன்று பாக்கியமேரி விழுப்புரத்துக்கு பஸ் ஏறினாள். கழகத்தின் வட்ட அலுவலகத்தில் நுழைந்ததும் அது கண்ணில் பட்டது. கண்ணாடிப் பெட்டிக்குள், டிபன் கேரியர் அளவில் ஒரு மிஷின். நெற்றியில் சந்தனம், குங்குமம். கழுத்தில் காய்ந்த சாமந்தி மாலை. 'தொடாதீர்கள்.' அவள் கொஞ்ச நேரம் அதன் முன்னால் நின்றாள். கையைக் கூப்புவதா வேண்டாமா என்று தெரியவில்லை.

வட்ட மேலாளர் தேவநாதன் குறைகளை நேரில் கேட்பதில்லை. இணைய நிறுவனத்தின் குறைகளை இணைய வழியில்தான் கேட்க வேண்டும் என்பது விதி. அவளை ஒரு அறையில் திரைக்கு முன் உட்காரவைத்தார்கள். மேலாளர் அடுத்த அறையில் கேமராவுக்கு முன் உட்கார்ந்தார். இரண்டு அறைக்கும் நடுவே ஒரு பிளைவுட் தடுப்பு.

"வணக்கம்மா, சொல்லு" என்றார். படம் நின்றுபோனது. பழக்கதோஷத்தில் பாக்கியமேரி ஐந்து விரலையும் விரித்து முகத்துக்கு நேரே நிறுத்தினாள்.

"வணக்கம், வணக்கம்" என்றது தடுப்புக்கு அந்தப்பக்கத்துக் குரல்.

திரையில் அவர் பாதிக் கண் மூடி, வாய் திறந்தபடி உறைந்திருந்தார். குரல் மட்டும் பிளைவுட் வழியாகக் கணீரென்று வந்தது. அவள் பிளைவுட்டைப் பார்த்தே பேசினாள்.

"சார், சின்னப் பாலத்துகிட்ட கேபிளு நசுங்கிக் கெடக்குது. மிஷின அனுப்பினா அரைமணியில ஒட்டிடலாம்னு சொல்றாங்க. என் வூட்டுக்காரரு டிசம்பர் வரைக்கும் இருக்க மாட்டாரு சார். பையன்கிட்ட ஒரே ஒரு வார்த்த சொல்லணும்."

பிளைவுட் தொண்டையைக் கனைத்தது. "அம்மா, நிர்வாகம்னா என்னான்னு புரிஞ்சிக்கணும். பழுதுன்னு ஒத்துக்கிட்டா பழுது பாக்கணும். பழுது பாக்கணும்னா மிஷின எடுக்கணும். மிஷின எடுத்தா மிஷினு பழுதாவும். ஒரு பழுத சரிபண்ணப் போயி ரெண்டு பழுத உண்டாக்கறதுக்கா அரசாங்கம் என்ன இங்க உக்கார வெச்சிருக்கு? நான் வந்து நாலு வருஷம் ஆச்சி. அந்த மிஷினு மேல ஒரு கீறல் இருக்குதா பாரு. இல்ல. அதான் என் சாதன. ஆனா நீ ஒரு வார்த்தன்னு சொன்ன பாரு, அது எனக்குப் புடிச்சிருக்கு. சுருக்கமா பேசறது நெட்வொர்க்குக்கு நல்லது. ஒரு குழு அனுப்பறேன்."

வெளியே வரும்போது ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள். 'மேலாளருடனான காணொலிச் சந்திப்பு தடையின்றி நடைபெற்றது.'

*

குழு ஜீப்பில் வந்தது. தாண்டவராயன் தலைமையில் மூன்று பேர். கூடவே ஒரு ஃப்ளெக்ஸ் பேனர். 'அசையாமல் பேசவும் – வாடிக்கையாளர் விழிப்புணர்வு இயக்கம்.' அதை ஆணியடித்து அமிர்தசாமியின் தலைமாட்டில் மாட்டினார்கள்.

"சோதன இதான்" என்றார் தாண்டவராயன். "ரெண்டு பக்கமும் கைய மடியில வெச்சிக்கினு அரைமணி நேரம் அசையாம இருக்கணும். லைனு அறாம தாங்கிச்சின்னா, மிஷின வெளிய எடுக்கறதப் பத்தி மேல எழுதுவோம்."

மிஷின் என்ற சொல்லைக் கேட்டதும் அமிர்தசாமி தன் கைகளை மடியில் வைத்துக்கொண்டார். அந்தப் பக்கம் பிரவீனுக்குக் கலைப்பிரியா எழுதி அனுப்பினாள். அவனும் வைத்துக்கொண்டான். மின்விசிறியை நிறுத்தினார்கள். ஜன்னல் திரையைக் கட்டினார்கள்.

முதல் நிமிடம் சதுரங்கள் இருந்தன. பிறகு கரைந்தன. பதினோரு மாதத்தில் முதல்முறையாக மகனின் முகம் தெளிவாக வந்தது. புருவத்துக்கு மேலே ஒரு புதுத் தழும்பு. கன்னம் ஒட்டியிருந்தது. அப்பாவும் மகனும் ஒருவரையொருவர் நேருக்கு நேர் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். இருபது வருடத்தில் அவர்கள் அப்படிப் பார்த்துக்கொண்டதில்லை. அமிர்தசாமியின் சுட்டுவிரல் மடியில் மெல்ல நிமிர்ந்தது. நீ.

"பெரியவரே, கை! கை!" என்றார் தாண்டவராயன், கடிகாரத்திலிருந்து கண் எடுக்காமல். "கெடுத்துக்காதீங்க. இன்னும் பதினாறு நிமிஷந்தான்."

விரல் மடங்கியது.

முப்பதாவது நிமிடம் குழு கைதட்டியது. தட்டிய கைகளில் படம் சிதறியது. அமிர்தசாமி அவசரமாக இரண்டு கையையும் தூக்கினார். சதுரங்கள், பிறகு வட்டம், பிறகு ஒன்றும் இல்லை. அங்கே பிரவீனுக்கு ஷிப்டு தொடங்கியிருந்தது.

"வெற்றி" என்றார் தாண்டவராயன். "அரைமணி நேரம் ஒரு அறுப்பு இல்ல."

"அப்ப மிஷினு எப்ப சார் வரும்?" என்றாள் பாக்கியமேரி.

"லைனு இவ்ளோ நல்லா இருக்கறப்ப மிஷினு எதுக்கும்மா?"

கைகளை மடியில் வைத்த நிலையிலேயே அமிர்தசாமியைப் படம் பிடித்துக்கொண்டார்கள். 'மாதிரி வாடிக்கையாளர்' என்று துண்டறிக்கையில் போடுவதற்கு. அவரும் அசையாமல் கொடுத்தார்.

ஒன்பது நாள் கழித்து, விடிந்து சற்று நேரத்தில், அமிர்தசாமி இறந்துபோனார்.

*

கோவிலில் துக்கமணி அடித்தது. கூடத்தில், கட்டில் இருந்த இடத்திலேயே பெஞ்சு போட்டுக் கிடத்தியிருந்தார்கள். வாயைச் சேர்த்துத் துணி கட்டி, மடக்கிய கைகளில் ஜெபமாலையைச் சுற்றியிருந்தார்கள். ஐஸ் பெட்டி திண்டிவனத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. கண்ணீர் அஞ்சலி பேனருக்கு நல்ல போட்டோ ஒன்றும் இல்லாததால் கழகத்தின் துண்டறிக்கைப் படத்தையே வெட்டிக் கொடுத்திருந்தார்கள். தலைமாட்டுப் பேனரைக் கழற்ற யாருக்கும் தோன்றவில்லை.

"பிரவீனுக்கு எவரும் எழுதாதீங்க. நான் சொல்லிக்கிறேன்" என்று பாக்கியமேரி சொல்லியிருந்தாள். போனை எடுத்தாள். மணி போனது. அவன் முகம் வந்தது, குளித்த ஈரத் தலையோடு. அவளுக்குக் கை எழும்பவில்லை. போனைத் திருப்பி அப்பாவைக் காட்டினாள்.

படம் துல்லியமாகப் போனது. ஒரு சதுரம் இல்லை.

பிரவீன் பார்த்தான். ஐந்து விரலை விரித்து முகத்துக்கு நேரே நிறுத்தினான். 'படம் நின்னு போச்சு.' இரண்டு விரலால் வெட்டினான். 'கட் பண்ணித் திரும்பப் போடு.'

அவள் கட் பண்ணித் திரும்பப் போட்டாள்.

மறுபடி அதே முகம், அதே துல்லியம். மறுபடி அவன் கையை விரித்தான். சலிப்போடு வெட்டினான். வேலைக்கு நேரமாகிறது.

மூன்றாம் முறை போட்டாள். அவன் கையைத் தூக்கியபோது, அவள் தன் கையை நீட்டி அமிர்தசாமியின் கன்னத்தின்மேல் வைத்தாள். உதட்டோரம் உட்கார்ந்திருந்த ஈயை ஓட்டினாள். கை அசைந்தது. ஈ பறந்தது. முகம் அசையவில்லை.

பிரவீனின் விரித்த கை இருந்த இடத்திலேயே நின்றது. பிறகு ஒவ்வொரு விரலாக மடங்கியது.

ஊர்ப் பெண்கள் ஒப்பாரியை எடுத்தார்கள். எதிர்வீட்டுப் பொன்னி முன்னால் வந்து மாரில் அடித்துக்கொண்டாள். திரை சுக்குநூறானது. பாக்கியமேரி போனைத் தண்ணீர்ச் செம்பின்மேல் சாய்த்துவைத்து, அதற்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். கணவரைச் சுட்டிக் காட்டினாள், தன் வாயைத் தொட்டாள்: அப்பா சொன்னது. நீ. சின்னப் பையன். ஹாஸ்டல். விட்டேன். நடந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை.

சதுரங்கள். அதே இடம்.

சதுரங்களுக்கு நடுவே இரண்டு விரல் நெற்றியைத் தொடுவது தெரிந்தது. 'தெரியும்.'

பாக்கியமேரி நிமிர்ந்து பார்த்தாள். பிணத்தின் தலைமாட்டில் பேனர் தொங்கியது. அசையாமல் பேசவும். கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள்.

"பொன்னி, அடிச்சிக்காதடி" என்றாள். "ஃபேன நிறுத்துங்க. யாரும் அசையாதீங்க. நின்னவங்க அப்படியே நில்லுங்க. என் புள்ள பாக்கணும்."

ஒப்பாரி பாதியில் நின்றது. நாற்பது பேர் இருந்த இடத்தில் இருந்தார்கள். மூக்கைச் சிந்தப் போனவள்கூட முந்தானையைப் பிடித்தபடி நின்றாள்.

பாக்கியமேரி சுட்டுவிரலைக் கண்ணுக்குக் கீழே வைத்தாள். அசைக்கவில்லை. பார்த்திருந்தால். மூச்சையும் பிடித்துக்கொண்டாள். சதுரங்கள் ஒவ்வொன்றாகக் கரைந்தன. அங்கே பிரவீன் நெற்றியைச் சுருக்கினான். பார்த்துவிட்டான்.

இரண்டு கையையும் மெல்ல இறக்கி, மடக்கி, ஆறு வயதுப் பிள்ளையைத் தூக்கி மார்போடு அணைத்த நிலையில் நிறுத்தினாள். படம் உடைந்து, குழம்பி, மெதுவாகக் கூடியது. அவள் தோள் வலித்தது. இறக்கவில்லை. உன்னைத் தூக்கிக்கொண்டு.

விரல்நுனிகளைச் சேர்த்தாள். கூரை. வீட்டுக்கு. கூரையைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

ஒன்பது சொல் போய்ச்சேர்ந்தது. அவர் உயிரோடிருந்தபோது இதைக் கண்டுபிடித்திருக்கலாம். யாரும் சொல்லித் தரவில்லை. அசையாதே என்றுதான் சொன்னார்கள். இப்படிப் பேசலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை.

பிரவீன் அழவில்லை. தன் கைகளைத் தூக்கினான். ஏதோ சொல்லப்போனான். இரண்டு கையும் மார்புக்கு முன்னால் எழும்பி, பாதி திறந்து, அந்தரத்தில் நின்றன.

அப்போது அது வந்தது. மகனின் முகத்தையும் கையையும் மறைத்துக்கொண்டு, திரை நிறைய: 'ஒளிக்கீற்று வாடிக்கையாளர் திருப்திப் பிரிவு.' மணி அடித்தது. பச்சை வட்டம் துடித்தது. சிவப்பு வட்டம் துடித்தது. எதைத் தொட்டால் எது அறுமோ என்று அவளுக்குத் தெரியாது. தொடவில்லை. இரண்டு. மூன்று. நாற்பது பேரும் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான்கு. ஐந்து.

மணி நின்றது. 'உங்கள் முழு திருப்திக்கு நன்றி. புகார் எண் 36 முடித்துவைக்கப்பட்டது' என்று ஒரு வரி வந்தது, மேலே ஏறி மறைந்தது.

அதற்குப் பின்னால் பிரவீன் அப்படியே இருந்தான். பாதி திறந்த கைகள், அந்தரத்தில்.

படம் நின்றுபோய்விட்டதா, அல்லது அம்மாவைப் பார்த்துக் கற்றுக்கொண்டு, அவளுக்குத் தெரியட்டும் என்று அவனும் கையை அசைக்காமல் பிடித்துக்கொண்டிருக்கிறானா? பாக்கியமேரிக்குத் தெரியவில்லை. ஐந்து விரலை விரித்துக் கேட்கலாம். விரித்தால் படம் உடையும்.

அவள் கூரையை இறக்காமல் உட்கார்ந்திருந்தாள்.